அமாவாசை பார்த்துக் கிளம்புங்கள்: ஓரிகன் கடற்கரையில் முதல் ஆர்.வி. பயணம்

ஒரு ஜூலை மாதம், மதியம் இரண்டு மணி இருக்கும். அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலமான ஓரிகனில், கேனன் பீச் என்ற ஊரில் ஹேஸ்டாக் ராக் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். 235 அடி உயரப் பாறை. அதன் அடிவாரத்தில் நட்சத்திர மீன்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மகளிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். ஆனால் பாறையைச் சுற்றி அலை அடித்துக்கொண்டிருந்தது. "எங்கேப்பா நட்சத்திர மீன்?" என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "இப்போது தண்ணீர் ஏறியிருக்கிறது, நாளைக் காலை ஆறரை மணிக்கு வாருங்கள்" என்றார்.

மறுநாள் காலை போனோம். முந்தின நாள் அலை அடித்த அதே இடத்தில் ஈர மணல்மேல் நடந்து பாறையின் காலடி வரைக்கும் போக முடிந்தது. ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள். என் மகள் ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்தபடியே இருந்தாள்.

முதல் முறை ஆர்.வி.யை, அதாவது படுக்கை, சமையல் மேடை, கழிப்பறையெல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியை, எடுத்துக்கொண்டு இந்தக் கடற்கரைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். மைல் கணக்கை வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். கடல் ஏறி இறங்கும் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். எந்தத் தேதியில் கிளம்புவது, எங்கே எத்தனை நாள் தங்குவது, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதெல்லாம் அதற்கப்புறம் தானாகவே முடிவாகிவிடும்.

தேதியை முடிவு செய்வது

கடல் உள்வாங்குவதை வற்றம் என்றும் ஏறி வருவதை ஏற்றம் என்றும் சொல்வோம். ஓரிகன் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு வற்றம், இரண்டு ஏற்றம். இரண்டு வற்றமும் ஒரே அளவு இருக்காது. ஒன்று நன்றாக வற்றும், இன்னொன்று அரைகுறை. நேரமும் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். ஆகவே நாள்காட்டியைத் திறந்து அமாவாசை, பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். அதிலிருந்து மூன்று நான்கு நாட்கள்தான் உங்களுக்கு வேண்டியவை.

அடுத்து, அமெரிக்கக் கடல்சார் அமைப்பான நோவா வெளியிடும் டைட் டேபிளைப் பாருங்கள். ஊர் பெயரைப் போட்டால் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எத்தனை அடி என்று காட்டும். பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் குறியோடு எண் வரும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 1 அடி, மைனஸ் 2 அடி என்றால் வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் பாறைகள் வெளியே வரும். இந்தக் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் இந்தப் பெரிய வற்றங்கள் காலையில் வருகின்றன. குளிர்காலத்தில் அவை மாலையிலோ இரவிலோ வரும். குளிரிலும் இருட்டிலும் பாறைமேல் நடப்பது நல்லதல்ல.

விலங்குகளின் நாட்காட்டியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பஃபின் பறவைகள் ஏப்ரல் வாக்கில் வந்து ஆகஸ்ட்டில் கடலுக்குத் திரும்பிவிடும். சாம்பல் திமிங்கிலங்கள் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை தெற்கே மெக்சிகோவை நோக்கிப் போகும், மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை வடக்கே திரும்பும். வடக்கே போகாமல் சுமார் 200 திமிங்கிலங்கள் இந்தப் பகுதியிலேயே கோடை முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும். எல்லாம் கூடி வருவது ஜூன் பிற்பாதியும் ஜூலையும். எனக்குப் பிடித்தது ஜூன். விடுமுறைக் கூட்டம் முழுதாக வந்திருக்காது, பறவைகளும் கூட்டில் இருக்கும்.

கோடைதானே என்று பருத்திச் சட்டையோடு வந்துவிடாதீர்கள். ஜூலையில்கூட கரையில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான். கோடையில் வடமேற்குக் காற்று கடலின் மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. காலை மூடுபனிக்கும், பாதத்தை நனைத்தாலே மரத்துப்போகும் தண்ணீருக்கும் அதுதான் காரணம். ஆனால் அந்தக் குளிர்நீர்தான் அடியிலிருக்கும் சத்தையெல்லாம் மேலே கொண்டுவருகிறது. அதை நம்பித்தான் மீனும் பறவையும் திமிங்கிலமும் இங்கே இருக்கின்றன. ஆகவே மூடுபனியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஸ்வெட்டர், காற்றுத் தாங்கும் மழைச்சட்டை, இரண்டு ஜோடி காலணி கட்டாயம்.

எந்த வண்டி

முதல் முறை என்றால் கிளாஸ் சி வகையை எடுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த வண்டி. நீளம் 22 முதல் 25 அடிக்குள் இருக்கட்டும். நான்கு பேருக்குப் போதும். 30 அடி வண்டியில் வசதி அதிகம்தான், ஆனால் கடற்கரைக் காட்சி முனைகளில் பல நிறுத்துமிடங்களில் அது நுழையாது. இரண்டு பேர் மட்டும் என்றால் வேன் அளவிலான கிளாஸ் பி இன்னும் நிம்மதி. வாடகைக்குக் கிடைக்கும் இந்த அளவு வண்டிகளை ஓட்டச் சாதாரண கார் உரிமமே போதும்.

வாடகையை ஒப்பிடும்போது ஒரு நாள் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை மைல்தான் இலவசம், அதற்குமேல் மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, படுக்கை விரிப்பும் பாத்திரமும் தனி என்று பல கணக்கு இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெட்ரோலுக்கு ஒரு காலனுக்கு 8 முதல் 10 மைல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம் பிடிப்பது

ஓரிகனில் கடற்கரை முழுவதும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு உரியது. 1967-இல் ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்ட சட்டம் அதை உறுதி செய்தது. சுமார் 363 மைல் கரையில் எந்த ஊரிலும் இறங்கி மணலில் நடக்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதை நம்பி, கரையோர நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டு இரவு தூங்க முடியாது. இரவுக்கு முறையான கேம்ப்கிரவுண்ட் வேண்டும்.

அரசுப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள்தான் என் முதல் தேர்வு. பெரும்பாலும் மரங்களுக்கு நடுவே, கடலுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும். ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும். ஜூன் கடைசியில் போவதென்றால் டிசம்பர் கடைசியில் அந்தத் தேதி திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். கோடை வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும். பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அந்த இடத்தின் நீளம் உங்கள் வண்டிக்குப் போதுமா? ஹூக்கப் என்னென்ன? ஃபுல் ஹூக்கப் என்றால் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் உண்டு. மின்சாரமும் தண்ணீரும் மட்டும் உள்ள இடம் என்றால் கழிவுநீரை டம்ப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பழுது வேலைக்காகச் சில பூங்காக்கள் மாதக்கணக்கில் மூடப்படுவதும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு இரவுக்கு நான் சொல்லும் வரிசை இது. ஆஸ்டோரியா பக்கம் ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் இரண்டு இரவு. நியூபோர்ட்டுக்கு வடக்கே பெவர்லி பீச் அல்லது தெற்கே சவுத் பீச்சில் மூன்று இரவு. ஃப்ளோரன்ஸ் அருகே ஹனிமேனில் இரண்டு. கூஸ் பே அருகே சன்செட் பேயில் ஒன்று. பெரிய வற்றம் வரும் காலைகள் நியூபோர்ட் தங்கலில் விழுகிற மாதிரி தேதியை நகர்த்துங்கள், ஏனென்றால் கடல் வற்றும்போது பாறைகளுக்கிடையே தேங்கி நிற்கும் பாறைக் குட்டைகளும் பறவைகளும் திமிங்கிலமும் அரை மணி நேரத் தூரத்துக்குள் இருப்பது அங்கேதான். இதற்குத் தெற்கே புரூக்கிங்ஸ் வரை போகும் கரை இன்னும் அழகு என்பது உண்மை. ஆனால் முதல் பயணத்தில் அதையும் சேர்த்தால் பாதி நாள் ஸ்டீயரிங் முன்னாலேயே போய்விடும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை வாங்கும் நாள்

பெரும்பாலோர் போர்ட்லாண்டில்தான் வண்டி எடுப்பார்கள். அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு கீறலையும் வீடியோ எடுங்கள். கூரை, சக்கரம், உள்ளே சமையல் மேடை எதையும் விடாதீர்கள். கொடுக்கிறவர் செய்து காட்டுவதையும் வீடியோ எடுங்கள். தண்ணீர்ப் பம்பு ஸ்விட்ச், கேஸ் வால்வு, ஹீட்டர், கழிவு வால்வு, நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதியான ஸ்லைட் அவுட், வெளிப்பந்தல் எல்லாம். இரவு பத்து மணிக்கு ஹீட்டர் எரியாதபோது அந்த வீடியோதான் கைகொடுக்கும்.

வண்டியின் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். 11 அடியோ 12 அடியோ, அந்த எண் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் கூரையும், தாழ்ந்த மரக்கிளையும், காபிக்கடை டிரைவ் த்ரூவும்தான் வாடகை வண்டிகளின் மேற்புறத்தைப் பதம் பார்ப்பவை.

101-இல் ஓட்டுவது

கரையோரமாகப் போகும் சாலை அமெரிக்க நெடுஞ்சாலை 101. வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள். அப்போது கடல் உங்கள் வலப்பக்கம் இருக்கும், காட்சி முனைகளுக்குள் நேராக வலது பக்கம் ஒதுங்கிவிடலாம். எதிர்த்திசை வண்டிகளுக்கு நடுவே இடது பக்கம் திரும்பவேண்டிய தொல்லை இல்லை.

ஒரு நாளில் 60, 70 மைலைத் தாண்டாதீர்கள். ஆஸ்டோரியாவிலிருந்து நியூபோர்ட் போகும் 135 மைல் நாள் ஒன்றுதான் நீளமானது. அன்று காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வளைவில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், ஆகவே அகலமாகத் திரும்புங்கள். பின்னால் நான்கைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுக்கிடத்தில் நிறுத்தி வழிவிடுங்கள். சைக்கிள்காரர்கள் நிறையப் பேர் இந்தச் சாலையில் போவார்கள். அவர்களைத் தாண்டும்போது அவசரம் கூடாது. நியூபோர்ட்டின் யாகினா பே பாலம் போல 1930-களில் கட்டிய பாலங்களில் தடம் குறுகல், பக்கக் காற்றும் அடிக்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

கேனன் பீச்சுக்கு வடக்கே எக்கோலா பூங்காவுக்குப் போகும் பாதையும், கேப் பெர்பெட்டுவா என்ற நிலமுனையின் உச்சிக்கு ஏறும் பாதையும் குறுகலும் வளைவும் நிறைந்தவை. ஆர்.வி.யோடு அங்கே ஏற முயலாதீர்கள். ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் போய் தோசை வார்ப்பதெல்லாம் நின்ற பிறகுதான்.

கேம்ப்பில் நிறுத்துவது

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று கண்ணாடியில் தெரிகிற இடத்திலிருந்து சைகை காட்டட்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே நிறுத்துங்கள். மரக்கிளையை மேலேயும் பாருங்கள்.

வண்டி சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஏற்றி, பிறகு சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். மின்கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டு, ஒயரைச் சொருகிய பிறகு பிரேக்கரைப் போடுங்கள். தண்ணீர்க் குழாயில் முதலில் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், அதற்கப்புறம் ஹோஸ். ஸ்லைட் அவுட் கடைசியில்.

இனி எல்லோரும் தயங்குகிற வேலை. வண்டிக்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டி இருக்கும். கழிப்பறைக்கு ஒன்று, அதைப் பிளாக் டேங்க் என்பார்கள். சிங்க், குளியல் தண்ணீருக்கு ஒன்று, அது கிரே டேங்க். கழிவுக் குழாய் மாட்டியிருந்தாலும் பிளாக் டேங்க் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது அடியில் காய்ந்து மலைபோல் குவியும். அப்புறம் அதை எடுக்கவே முடியாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு கொட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகி, மறுமுனையைத் தரைத்துளையில் நன்றாக அழுத்தி, அது நழுவாமல் மேலே ஒரு கல்லை வையுங்கள். முதலில் பிளாக் வால்வு. சலசலவென்று ஓடும் சத்தம் மெலிந்து நின்றதும் மூடுங்கள். அப்புறம் கிரே. சோப்புத் தண்ணீர் ஓடும்போது குழாயும் தானாகவே கழுவப்பட்டுவிடும். வரிசையை மாற்றினால் அந்தக் குழாயைக் கையால் கழுவ வேண்டியிருக்கும். ஆர்.வி.க்கென்று விற்கும் கரையும் காகிதத்தைத் தவிர வேறெதையும் கழிப்பறையில் போடாதீர்கள். கழிவுக் குழாயை அலச ஒரு ஹோஸ், குடிநீருக்கு வேறொரு ஹோஸ். இரண்டும் கலந்துவிடக் கூடாது.

சமையலுக்கு ஒரு யோசனை. தாளித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கிரே டேங்க் சீக்கிரம் நிறையாது, நாறாது. மிச்சச் சாப்பாட்டை வெளி மேசையில் விடக் கூடாது. ரக்கூன்கள் இரவில் கட்டாயம் வரும், மனித உணவு பழகிவிட்ட விலங்குக்கு அது நல்லதும் அல்ல.

வெளிப்பந்தலை விரித்துவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். எங்கள் இரண்டாவது பயணத்தில், மாலை காற்றே இல்லையே என்று விட்டுவிட்டோம். இரவு ஒன்றரை மணிக்கு மடமடவென்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் ஒரு பக்கக் கம்பி வளைந்துவிட்டது. அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த பெரிய செலவு அதுதான்.

பாறைக் குட்டைகள்

நியூபோர்ட்டுக்கு வடக்கே யாகினா ஹெட் என்று ஒரு நிலமுனை. 93 அடி உயரக் கலங்கரை விளக்கம், 1873-இல் ஏற்றியது. கீழே காபிள் பீச், உருண்டைக் கருங்கற்களால் ஆன கரை. அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கைதட்டுவது போல் ஒலிக்கும். முதல் பாறைக் குட்டை அனுபவத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கார் நுழைவுக் கட்டணம் 7 டாலர், மூன்று நாளுக்குச் செல்லும். தேசியப் பூங்கா வருடாந்தரப் பாஸ் இருந்தால் அதையே காட்டலாம். கதவு திறக்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வற்றம் அதற்கு முந்தியே வந்துவிடும் நாட்களில் கேனன் பீச் போன்ற திறந்த கரையே வசதி.

வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம், முடிந்தால் ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்குங்கள். தண்ணீர் விலக விலக நீங்களும் பின்தொடர்ந்து போகலாம், அது திரும்பும்போது நீங்களும் திரும்பிவிடலாம். மணலிலும் வெறும் பாறையிலும் மட்டும் கால் வையுங்கள். பச்சைப் பாசி வழுக்கும். மட்டியும், ஓட்டோடு பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசும் உயிரோடிருப்பவை.

ஒரு குட்டையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதலில் கல்லும் பாசியும்தான் தெரியும். பிறகு ஒரு சின்னச் சங்கு நடக்கத் தொடங்கும். உள்ளே துறவி நண்டு. பூ மாதிரி தெரிந்தாலும் விலங்கான பச்சைக் கடற்சாமந்தி உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கும், நடுவில் வாய். தண்ணீர் வற்றிய பாறையில் அதே சாமந்தி சுருங்கி, மணலும் சிப்பித்துண்டும் ஒட்டிய களிமண் உருண்டை மாதிரி கிடக்கும், தெரியாமல் மிதித்துவிடுவோம். காலுக்கடியில் பீச்சென்று தண்ணீர் பாய்ந்தால் அதை மிதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், காலை மெல்ல எடுங்கள். நட்சத்திர மீனைப் பாறையிலிருந்து பிய்த்தெடுக்காதீர்கள். அதன் அடிப்பக்கத்துக் குழாய்க் கால்கள் அறுந்துபோகும். 2013 வாக்கில் தொடங்கிய ஒரு நோய் இந்தக் கடற்கரை முழுக்க நட்சத்திர மீன்களைக் கொன்று குவித்தது. இப்போது கண்ணில் படும் ஒவ்வொன்றும் அதற்கப்புறம் பிழைத்து வந்தவை.

ஹேஸ்டாக் ராக்கில் கொட்டலசு ஒட்டியிருக்கும் கோட்டுக்கு மேலே ஏறுவது சட்டப்படி தடை. வற்ற நேரங்களில் தன்னார்வலர்கள் டெலஸ்கோப் வைத்து நிற்பார்கள். பாறையின் வடக்குப் பக்கப் புல்சரிவைக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு உடல், வெள்ளை முகம், ஆரஞ்சு அலகு, தலைக்குப் பின்னால் மஞ்சள் குடுமி. அதுதான் டஃப்டட் பஃபின். குளிர்காலம் முழுக்க நடுக்கடலிலேயே வாழ்ந்துவிட்டு, முட்டையிட மட்டும் அந்தப் புல்சரிவில் வளை தோண்ட வருகிறது.

திமிங்கிலம் பார்ப்பது

டீப்போ பே என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையும் கடலும் ஒரு சுவர் இடைவெளியில் இருக்கும். அந்தச் சுவரிலேயே அரசின் திமிங்கிலக் காட்சி மையம், நுழைவு இலவசம். காலையில் போங்கள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், கடல் கண்ணைக் கூசாது.

புதிதாக வருகிறவர்கள் வந்தவுடன் பைனாகுலரைக் கண்ணில் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு துண்டுக் கடல்தான் தெரியும். முதலில் வெறும் கண்ணால் இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். நீங்கள் தேடுவது திமிங்கிலத்தை அல்ல, புகை மாதிரி பத்துப் பன்னிரண்டு அடி எழும்பிக் கலையும் ஒரு வெண்பஞ்சை. அது அதன் மூச்சு. கண்டவுடன் அந்த இடத்தில் பைனாகுலரை வையுங்கள். மூன்று முதல் ஐந்து முறை, அரை நிமிடத்துக்கு ஒன்றாக மூச்சு வரும். பிறகு வால் மேலே எழுந்தால் ஆழமாக முங்கப்போகிறது என்று பொருள். மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருங்கள், பெரும்பாலும் அருகிலேயே மறுபடி எழும். கோடைத் திமிங்கிலங்கள் கெல்ப் பாசிக்காட்டில் சின்னஞ்சிறு இறால் வகைகளை மேய்வதால் கரைக்கு வெகு அருகில் வரும். 40 அடி உடம்பு, பாறைக்குப் பத்தடி தள்ளிப் புரளும்போது அந்த மூச்சின் சத்தம் காதில் விழும். பெரிய பஸ் ஒன்று பிரேக் விடுவது போல இருக்கும். அதைக் கேட்ட அன்று நாங்கள் யாரும் சாப்பாட்டைப் பற்றி நினைக்கவில்லை.

படகில் போவதானால் திமிங்கிலத்துக்கு 100 கெஜம் விலகி நிற்கும் படகோட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

பறவைகளும் கடற்சிங்கங்களும்

யாகினா ஹெட் பாறைகளில் காமன் மர் பறவைகள் பல்லாயிரம், தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்கும். வெண்தலைக் கழுகு மேலே வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். மூன்று வாரக் குஞ்சுகள் பறக்கத் தெரியாமலே பாறையிலிருந்து கடலில் குதிக்கும். அப்பா கூடவே நீந்திப் போய் நடுக்கடலில் வளர்க்கும். ஜூலையில் கிடைக்கும் காட்சி அது.

நியூபோர்ட் துறைமுகத்தில் சத்தத்தை வைத்தே கடற்சிங்கங்களைக் கண்டுபிடித்துவிடலாம். நாய் குரைப்பது போல் குரைக்கிற கரும்பழுப்பு நிறமுள்ளவை கலிபோர்னியா கடற்சிங்கம். ஃப்ளோரன்ஸுக்கு 11 மைல் வடக்கே சீ லயன் கேவ்ஸ் என்ற தனியார் குகையில் இருப்பவை ஸ்டெல்லர் வகை, வெளிர்நிறம், குரைக்காமல் உறுமும். கோடையில் அவை குகைக்குள் இல்லாமல் வெளிப் பாறைகளில் படுத்திருக்கும். கூஸ் பே பக்கம் கேப் அராகோ போகும் வழியில் சிம்ப்சன் ரீஃப் காட்சி முனையில் நின்றால், எதிரேயுள்ள ஷெல் ஐலண்டில் கடற்சிங்கமும் சீலும் யானைச் சீலும் ஒரே இடத்தில் தெரியும். சீலுக்கும் கடற்சிங்கத்துக்கும் வித்தியாசம் எளிது. வெளியே காதுமடல் தெரிந்து, முன்துடுப்பை ஊன்றி நடந்தால் கடற்சிங்கம். காதுமடல் இல்லாமல் வயிற்றால் தவழ்ந்தால் சீல்.

எதுவானாலும் 50 கெஜம் தள்ளி நில்லுங்கள். வசந்தத்தில், கோடைத் தொடக்கத்தில் மணலில் சீல் குட்டி தனியாகக் கிடக்கும், பார்த்தால் பாவமாக இருக்கும். அது அநாதை அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கிறது, மனிதர்கள் சூழ்ந்திருந்தால் திரும்பி வராது. தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலுக்குள் தள்ளாதீர்கள். விலகிப் போய்ப் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை சில கரைகளில் உலர்மணல் பகுதிக்குள் போகக் கூடாது என்று பலகை இருக்கும். ஸ்னோயி ப்ளவர் என்ற சின்ன உப்புக்கொத்தி அங்கே வெறும் மணல் குழியில் முட்டை இடுகிறது. முட்டையும் மணல் நிறம்தான், காலை வைத்த பிறகே தெரியும். அந்தக் கரைகளுக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள்.

மழை பிடித்துக்கொண்டால் நியூபோர்ட்டில் கடல்வாழ் காட்சிசாலையும் ஹாட்ஃபீல்ட் கடல் அறிவியல் மையமும் இருக்கின்றன.

கடலிடம் ஜாக்கிரதை

கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். பத்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு, எதிர்பாராமல் ஒரு பெரிய அலை மணலின் மேல்வரைக்கும் ஏறிவரும். இங்கே அதை ஸ்னீக்கர் வேவ் என்கிறார்கள். கரையில் கிடக்கும் பெரிய மரத்தடிகளில் குழந்தைகளை ஏற்றி உட்காரவைக்காதீர்கள். கணுக்கால் அளவுத் தண்ணீரே அந்த மரத்தைப் புரட்டிவிடும், டன் கணக்கில் எடை. கேப் பெர்பெட்டுவாவில் தோர்ஸ் வெல் என்ற பாறைத் துளை ஏற்ற நேரத்தில் பொங்கி வழிவது மிக அழகு. பக்கத்தில் போகாமல் மேலே இருந்து பாருங்கள்.

வழியெல்லாம் நீலநிறச் சுனாமிப் பலகைகள் இருக்கும். 1700 ஜனவரி 26 அன்று இந்தக் கரையில் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன, மறுபடியும் வரும் இடம்தான் இது. கேம்ப்கிரவுண்டுக்குப் போனதும் வெளியேறும் வழி காட்டும் வரைபடத்தைக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிலம் பலமாக ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல், வண்டியை எடுக்காமல், நடந்தே மேட்டுக்கு ஏறுங்கள்.

திரும்பும் வழி

சன்செட் பேயிலிருந்து கிளம்பும் காலை, வந்த வேலைகளையெல்லாம் தலைகீழாகச் செய்யுங்கள். ஸ்லைட் உள்ளே, தொட்டிகள் காலி, தண்ணீரும் மின்சாரமும் கழற்றியாயிற்று, கேஸ் மூடியாயிற்று, அலமாரிக் கதவுகள் பூட்டியாயிற்று, படி மடக்கியாயிற்று. அப்புறம் ஒருவர் வண்டியைச் சுற்றி முழுதாக ஒரு நடை. சக்கர முட்டும் மின் ஒயரும்தான் அதிகம் மறந்துபோகிறவை.

101-இல் வடக்கே ரீட்ஸ்போர்ட் வரை வந்து 38-ஆம் சாலையில் உள்நாட்டுப் பக்கம் திரும்புங்கள். அது ஐ-5 நெடுஞ்சாலையில் சேர்த்துவிடும், போர்ட்லாண்டுக்கு நேர்வழி. திரும்பிய மூன்றாவது மைலில் டீன் கிரீக். நீளமான நிறுத்துமிடம், ஆர்.வி. தாராளமாக நிற்கும். வேலிக்கு அப்பால் புல்வெளியில் ரூஸ்வெல்ட் எல்க் என்ற பெரிய மான்களின் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும், ஜூனில் குட்டிகளோடு. இன்ஜினை அணைத்துவிட்டு, கொஞ்சம் காபி போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் உட்காருங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தை மறுநாள் மதியத்துக்கு வைத்திருந்தால் அங்கிருந்து அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்காது.